தெற்குத் துறைக்கு ஒரு மேகம்

பஞ்சநதம் காலையில் சூரியனைக் கும்பிடுவார். மாலையில் அதே சூரியன் அன்று எவ்வளவு மின்சாரம் கொடுத்தது என்று மேலிடத்துக்குச் செய்தி அனுப்புவார். இரண்டையும் ஒரே பக்தியோடு செய்வதாக அவருக்கு நினைப்பு. கும்பிடுகிற தெய்வத்தையே வேலை வாங்குகிறோமே என்று எப்போதாவது உறுத்தும். அப்போதெல்லாம், "நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான். அவனாவது குளித்துவிட்டு வருவானா என்ன?" என்று சமாதானம் செய்துகொள்வார். சமாதானம் செய்துகொள்வதில் அவர் கெட்டிக்காரர். இந்தக் கதையில் அவருக்கு வேறு கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கருவேலாற்று அணையின் நீர்ப்பரப்பு முழுவதும் மிதக்கும் சூரிய மின் நிலையம். ஒவ்வொரு தெப்பமும் ஒரு சின்ன அறை அகலம் இருக்கும். மேலே சோலார் பேனல், அடியில் சிறு மோட்டார். பழைய காலத்துப் பேனல்கள் நின்ற இடத்தில் நின்றபடி முகத்தை மட்டும் சூரியன் பக்கம் திருப்பும். இவை வெயிலைத் தேடித் தண்ணீர்மேல் கிளம்பியே போய்விடும். வானத்தில் ஒரு மேகம் வந்து அணையின் ஏதாவது மூலையில் நிழல் விழப்போகிறது என்றால், நிழல் வருமுன்பே அங்கிருக்கும் தெப்பங்கள் கூட்டமாக நகர்ந்து, வெயில் இருக்கும் பக்கம் போய் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ளும், கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பவர்களைப் போல. மேகம் விலகினால் மறுபடியும் பரவிவிடும். வானம் வெளுத்திருக்கும் நாளில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது.

எல்லாத் தெப்பங்களுக்கும் வழி சொல்வது நடுவில் நிற்கும் தலைத் தெப்பம். அதன் கம்பத்தின் உச்சியில் வானத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிக் கண் உண்டு. அந்தக் கண் எதை மேகம் என்று சொல்கிறதோ, அதுதான் மற்றவற்றுக்கு மேகம்.

ஆயுத பூஜை வந்தது. நிலையத்தின் தலைமை அதிகாரி எஸ்தர் கிருபாவதி, சிரிப்பதற்கும் விண்ணப்பம் கேட்பார் என்று ஊழியர்கள் பேசிக்கொள்ளும் ரகம். பஞ்சநதம் தயங்கித் தயங்கி அவர் அறை வாசலில் நின்றார்.

"பூஜை பண்ணலாமா மேடம்?"

"பண்ணுங்க. மெஷின் மேல தேங்காய் மட்டும் உடைக்காதீங்க."

"சேச்சே! சந்தனமும் குங்குமமும்தான்."

"போன வருஷம் எலுமிச்சம்பழத்தை ஜெனரேட்டர் அடியில வச்சு ஏத்தினது யாரு?"

அது பஞ்சநதம்தான். அவர் மெல்ல நழுவினார்.

படகில் போய்த் தலைத் தெப்பத்தில் ஏறி, கம்பத்துக்கு மாலை போட்டு, கர்ப்பூரம் காட்டினார். பொட்டு வைக்கும்போதுதான் சிக்கல் வந்தது. இயந்திரத்துக்கு நெற்றி எது? பெட்டி இருக்கிறது, கம்பம் இருக்கிறது, உச்சியில் கண் இருக்கிறது. நெற்றி இல்லாத சாமிக்கு எங்கே வைப்பது என்று யோசித்தவர், ஏணியில் ஏறி, மனம் உருகி, மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணாடியின் ஓரத்திலேயே அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டு இறங்கினார். அந்தக் கண்ணைப் பராமரிப்பதற்கென்றே தனிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தவர் அவர். பக்தி முற்றும்போது சான்றிதழ் எங்கே நினைவுக்கு வருகிறது?

விடுமுறை முடிந்து வந்து, அந்தக் கண் பார்ப்பதைக் காட்டும் அலுவலகத் திரையைப் பார்த்தார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. தெற்கு மூலையில் மட்டும் ஒரு மேகம். உருண்டையாக, நடுவில் கருத்து, ஓரமெல்லாம் மெல்லிய கோடு கோடாக. காற்று அடித்தும் அது நகரவில்லை. அதற்குப் பயந்து தெப்பங்கள் தெற்கு மூலையைக் காலி செய்துவிட்டு வடக்கே ஒடுங்கிக் கிடந்தன. பஞ்சநதம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்தார். பிறகு தன் மோதிர விரலைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"முருகா!" என்றார்.

துணியை எடுத்துக்கொண்டு படகில் கிளம்பினார். துடைத்துவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவருக்குத் திசை எப்போதும் தகராறு. பிறந்த ஊரில் காவிரி ஓடும் திசையை வைத்து வடக்கு தெற்கு பழகியவர். காவிரி கண்ணில் படாத இடத்தில் குழம்பிவிடுவார். தலைத் தெப்பத்துக்குப் போக வேண்டியவர் தெப்பங்கள் விலகிய வெட்டவெளிக்குள் போய்விட்டார்.

அங்கே வெயில் தண்ணீருக்குள் ஆழம்வரை இறங்கியிருந்தது. பரிசல் ஒன்று சுழன்று சுழன்று வந்தது. அதில் தெற்குத் துறை மாதம்மாள். அணைக்கட்டு வந்தபோதும் சரி, தெப்பங்கள் வந்தபோதும் சரி, இடம் மாறாமல் அங்கேயே மீன் பிடித்துப் பிழைக்கும் சில குடும்பங்களில் ஒன்று அவளுடையது. தெப்பங்களை இறக்கியபோது மீனவர்களுக்குப் பாதை விடுவதாகப் பெரியவர்கள் மேடையில் வாக்குக் கொடுத்தார்கள். தெப்பங்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வெயில் இருக்கும் இடமெல்லாம் அவை அடைத்துக்கொண்டன. வெளிச்சம் போகாத தண்ணீரில் பாசி செத்தது, மீன் ஒதுங்கியது, பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன.

"ஏனுங் சார், நீங்களே வந்துட்டீங்களா!" என்றாள் மாதம்மாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வழி வுட்டுட்டீங்க. பாருங்க, கெண்டை வந்துருச்சு, ஜிலேபி வந்துருச்சு. எத்தன நாளாச்சு இந்தத் தண்ணி வெயிலப் பாத்து!"

பஞ்சநதம் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இந்தாங்க, ரெண்டு எடுத்துட்டுப் போங்க." துள்ளுகிற மீனை நீட்டினாள்.

"நான் சைவம்மா."

"அட, ஆமாங்களா?" அவள் முகம் நிஜமாகவே வாடியது. "அப்ப உங்களுக்கு நான் என்னதான் கொடுக்கறது? சரி, எங்கூட்டு முருங்க காய்க்கட்டும், கொண்டாந்து தாரேன்." துடுப்பைப் போட்டுவிட்டு, "இந்த வழி நிக்குமுங்களா சார்? ரெண்டு நாளு வுட்டுட்டு மூடிக்கிட மாட்டீங்களே? வடக்குத் துறையில எந்தங்கச்சியூடு இருக்குது. அங்க இன்னும் அடப்புத்தான். எங்களுக்காச்சும் நின்னாப் போதும்" என்றாள்.

"நிக்கும்" என்றார் பஞ்சநதம்.

சொன்ன பிறகுதான் அது எப்படி நிற்கும் என்று யோசித்தார். துணி கையில் இருந்தது. வாக்கு வாயிலிருந்து போய்விட்டது. படகைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்தார்.

மறுநாள் முதல் அவருக்கு மனப்போராட்டம். பொய் சொல்லக்கூடாது, அது அவர் கொள்கை. யாராவது "அந்த மேகம் என்ன?" என்று கேட்டால் "தெரியாது" என்று சொல்ல வேண்டும், அதுவோ பொய். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வைத்தீஸ்வரன் கோயிலில் வாங்கிய சின்ன முருகன் படம் ஒன்றைத் திரையின் தெற்கு மூலையில் ஒட்டிவிட்டார். மேகம் முருகனுக்குப் பின்னால் போய்விட்டது. பார்க்காததைப் பற்றிப் பொய் சொல்ல முடியாதே! தலைத் தெப்பத்துப் பக்கமும் அவர் போகவில்லை. போனால் பொட்டைப் பார்க்க நேரும். பார்த்தால் துடைக்க நேரும்.

இந்த ஏற்பாட்டை அவர் தவம் என்று அழைத்துக்கொண்டார். ஊருக்காகத் தன் நேர்மையைக் காவு கொடுத்துவிட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் ஒரு மனிதன்! காலையில் சூரியனுக்கு அர்க்கியம் விடும்போது, "சுவாமி, இந்தப் பாவம் என்னோடு போகட்டும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அலுவலகத்தில் முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, லேசாகப் பெருமூச்சு விட்டு நாற்காலியில் அமர்வார். சிலுவையை எல்லாம் அவர் அறியார். ஆனால் ஒன்றைத் தூக்கி நடப்பவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி வைத்துக்கொண்டார். எஸ்தர் மேடம் தன் அறையிலிருந்து சில சமயம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். கல் மனசுக்காரி, இவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று பஞ்சநதம் இரக்கப்பட்டுக்கொள்வார்.

ஐப்பசி மழை வந்தது. கார்த்திகையும் கொட்டியது. பிறகு வானம் வெளுத்தது. தெற்குத் துறை வழி திறந்தேதான் இருந்தது. மாதம்மாள் முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள்.

தை பிறக்கும் முன்பு தலைமையகத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார். பெயர் ஹபீப் முகமது. தளர்ந்த உடம்பு, களைத்த முகம், கையில் மாத்திரைப் பெட்டி. தண்ணீரைக் கண்டால் அவருக்குப் பயம் என்பது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததிலேயே தெரிந்தது.

"உங்க நிலையம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கலை மேடம்" என்றார். "தெற்கு மூலை காலியாக் கிடக்குதுன்னு மேல கேக்கறாங்க. காரணம் வேணும். காரணம் இல்லேன்னா அந்த இடத்தை அடைச்சுட்டு, உங்களையும் வேற ஊருக்கு மாத்தச் சொல்லி நான் எழுதணும்."

எஸ்தர் மேடம் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை ஒருமுறை நகர்த்தி வைத்தார்.

"பாருங்க, விதியில நிறைய இடம் இருக்கு" என்று ஹபீப் கொஞ்சம் இறங்கிவந்தார். "புயல்னா தள்ளுபடி. பறவை கூடு கட்டிருச்சுன்னா தள்ளுபடி. பணியிடத்து வழிபாடு, திருவிழா, அதுக்கும் தள்ளுபடி உண்டு. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"மீன் பிடிக்கிறவங்களுக்கு வழி வேணும்னா?"

"இரக்கத்துக்கு விதியில இடம் இல்லை மேடம். நானும் தேடிப் பார்த்துட்டேன்."

பக்கத்து நாற்காலியில் பஞ்சநதம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாவமும் அறியாத இந்தப் பெண்மணி தன் பொட்டுக்காகத் தண்டனை வாங்குவதா? இந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை நாள் தவம் இருந்தோமோ? அவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் விழுந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி எழுந்து நின்றார்.

"குற்றவாளி நான்தான் சார்."

ஆயுத பூஜை முதல் முருகன் படம்வரை எல்லாவற்றையும் கொட்டினார். சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது. ஹபீப் வாயைப் பிளந்து கேட்டார். எஸ்தர் மேடம் மட்டும், "பஞ்சநதம், வேண்டாம், உட்காருங்க" என்று ஒருமுறை சொன்னார். அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் உரக்கச் சொன்னார்.

"கண்ணாடியில பொட்டா?" ஹபீப் முகம் மலர்ந்தது. "அட, இது வழிபாட்டுத் தள்ளுபடியாச்சே! இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" உடனே முகம் சுருங்கியது. "ஆனா ஒண்ணு. காதால கேட்டதை நான் எழுதறதில்லை. கண்ணால பார்த்ததைத்தான் எழுதுவேன். இத்தனை வருஷத்துல அதை மாத்தினதில்லை."

"படகுல போகணுமே சார்" என்றார் பஞ்சநதம்.

ஹபீப் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்.

மூவரும் போனார்கள். ஹபீப் படகின் நடுவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயில் துஆ முணுமுணுக்க உட்கார்ந்திருந்தார். தலைத் தெப்பத்தில் காலை வைத்ததும்தான் கண்ணைத் திறந்தார். பஞ்சநதம் ஏணியில் ஏறினார். தன் பாவத்தின் முகத்தைப் பார்க்க மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, எட்டிக் கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. சந்தனம் இல்லை. குங்குமம் இல்லை. அவர் முகம்தான் தெரிந்தது. அது அவ்வளவு அறிவாளியின் முகமாகத் தெரியவில்லை.

திரும்பித் தெற்கே பார்த்தார். வழி திறந்தே கிடந்தது. மாதம்மாளின் பரிசல் அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மழை பெய்ஞ்ச முதல் நாளே போயிருச்சு பஞ்சநதம்" என்றார் எஸ்தர் மேடம் கீழிருந்து. "சந்தனம் மழையில நிக்குமா?"

"அப்ப... அந்த மேகம்?"

"மழை விட்டதும் தெப்பமெல்லாம் திரும்பி வர ஆரம்பிச்சுது. அந்தம்மா பரிசலோட நடுவுல மாட்டிக்கிட்டாங்க. நாலு பக்கமும் தெப்பம் வந்து இடிக்குது, அவங்க துடுப்பால தள்ளித் தள்ளிப் பாக்கறாங்க. நான் கரையில நின்னு பார்த்தேன். பார்த்துட்டு வந்து எப்படிச் சாப்பிடறது? உங்க பொட்டு இருந்த அதே இடத்துல கம்ப்யூட்டர்ல ஒரு மேகத்தை வரைஞ்சு வச்சேன். இன்னும் அதுதான் நிக்குது."

பஞ்சநதம் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்!"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க அந்த முருகன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத் தியாகி மாதிரி உட்கார்ந்திருந்தீங்க. ரொம்ப நிறைவா இருந்தீங்க. கெடுக்க மனசு வரலை."

ஒரு மழைக்காலம் முழுவதும் தான் சுமந்த பாவம், சிந்திய கண்ணீர், விட்ட பெருமூச்சு, எல்லாம் ஏற்கெனவே கழுவிவிடப்பட்ட ஒரு பொட்டுக்காக! சூரியன் தினமும் காலையில் அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சிரிக்காமல் உதித்தார் என்று பஞ்சநதம் நினைத்துப்பார்த்தார். சிரித்துத்தான் இருப்பார்; அதுதான் அத்தனை வெயில். கல் மனசுக்காரி என்று தான் நினைத்தது ஞாபகம் வந்தபோது மட்டும் அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஹபீப் தெப்பத்தின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆக, பொட்டு இல்லை" என்றார்.

"இல்லை சார்" என்றார் எஸ்தர் மேடம். "மேகம் நான் வரைஞ்சதுதான். எழுதிக்குங்க."

"அது நான் காதால கேட்டது. கம்ப்யூட்டரை நான் பார்க்கலை. பார்க்காததைப் பத்தி நான் எதுவும் எழுதறதில்லை."

பஞ்சநதம் ஏணியிலிருந்து அவரைக் குனிந்து பார்த்தார். இந்தத் தத்துவத்தைத் தான்தான் கண்டுபிடித்ததாக அவர் அதுவரை நம்பியிருந்தார்.

"ஆனா வழிபாட்டுத் தள்ளுபடி எழுதணும்னா கண்ணாடியில பொட்டு இருக்கணும்" என்றார் ஹபீப். "நான் பொய் எழுத மாட்டேன்." தண்ணீரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "என்ன சார் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க? வைங்க."

"சந்தனம் கொண்டுவரலையே சார்!"

"உங்க நெத்தியில இருக்கறது என்னவாம்?"

பஞ்சநதம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காலையில் இட்ட சந்தனமும் குங்குமமும் வியர்வையில் குழைந்து ஈரமாகவே இருந்தன. அழுகையும் சிரிப்புமாக வந்தது. அத்தனையையும் விரலால் வழித்து, "முருகா" என்று சொல்லிக் கண்ணாடியின் ஓரத்தில் அப்பினார்.

"இருக்கு. பார்த்தேன்" என்றார் ஹபீப். "இனி ஒவ்வொரு வருஷமும் வைங்க. இது உங்க நிலையத்து வழக்கம்னு எழுதிடறேன். வழக்கத்துல நாங்க கை வைக்கறதில்லை."

தெற்குக் கரையில் படகு ஒதுங்கியது. நடந்ததை மாதம்மாளுக்கு எஸ்தர் மேடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். வாழையிலைத் துண்டில் பொரித்த மீன் வந்தது. ஹபீப் கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, அன்றைக்கு முதன்முறையாக நிம்மதியாக, தண்ணீரைப் பார்த்தபடியே சாப்பிட்டார். பஞ்சநதத்துக்கு முருங்கைக்காயை வேகவைத்து உப்பும் மிளகும் தூவிக் கொடுத்தாள்.

அப்போதுதான் வடக்கே ஓர் ஓசை. தெப்பங்கள் நகரும்போது மெல்லத் தண்ணீர் சலசலக்குமே, அது. வடக்குத் துறைப் பக்கம் அடைத்துக் கிடந்த தெப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டிருந்தன. நடுவில் நீலமாகத் தண்ணீர் தெரிந்தது. தெரிந்த இடம் அகன்றுகொண்டே போனது.

எஸ்தர் மேடம் பஞ்சநதம் பக்கம் குனிந்தார். "எந்த ஓரத்துல வச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெற்கு ஓரத்துலதான் மேடம்." சொல்லிவிட்டுக் கையை இப்படியும் அப்படியும் திருப்பி, காவிரி எந்தப் பக்கம் ஓடும் என்று யோசித்துப் பார்த்தார். ஏணியில் ஏறியபோது எந்தப் பக்கம் பார்த்து நின்றோம்? குழப்பம்தானா, இல்லை, அந்த நேரத்தில் மாதம்மாளின் தங்கை ஞாபகம் கைக்கு வந்துவிட்டதா? அவருக்கே தெரியவில்லை. தன் புத்தியை அவர் நன்றாக அறிவார். இவ்வளவு நல்ல காரியம் அதனால் ஆகியிருக்காது.

வடக்குக் கரையில் யாரோ கூவினார்கள். கவிழ்ந்து கிடந்த பரிசல் ஒன்றை இரண்டு பேர் நிமிர்த்துவது தூரத்தில் தெரிந்தது. மாதம்மாள் கரண்டியோடு எழுந்து நின்று, புடவைத் தலைப்பை வீசி வீசிக் காட்டினாள்.

"அங்க என்ன சத்தம்?" என்றார் ஹபீப்.

"மேகம் சார்" என்றார் பஞ்சநதம்.

வெயில் சுள்ளென்று அடித்தது. ஹபீப் தலையைத் தூக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். பிறகு இலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, கல்லின் மறுபக்கம் போய், வடக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இந்த மீன்ல முள் ஜாஸ்தி" என்றார். "கண்ணை எடுக்க முடியாது."